கொயின் வாங்கலாமா, சேர்? மலையகத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ஹட்டனில் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடும் வணிகக்கல்வியும் படிப்பிக்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து ஊர் வரும் பழைய மாணவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் போவார்கள். முன்பெல்லாம் சீட்டு, சேமலாப நிதி, வெளிநாட்டு வேலை என்று பேச்சு போகும். இந்த நாலைந்து வருடமாக உட்கார்ந்ததும் முதலில் கேட்பது கொயினை, அதாவது பிட்கொயின் போன்ற கிரிப்டோ நாணயங்களைப் பற்றித்தான். கொழுந்தெடுக்கும் தாய்மாரும் இப்போது கேட்கத் தொடங்கிவிட்டார்கள், பிள்ளை காசு கேட்கிறான் என்று. தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒன்றாக எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சேர், பிட்கொயின் வாங்கலாமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம்.

விலை விழப்போகிறது என்று தெரிந்து இதைச் சொல்லவில்லை. விலை எந்தப் பக்கம் போகும் என்று எனக்கும் தெரியாது, உனக்குச் சொன்னவனுக்கும் தெரியாது. நான் முதலில் பார்ப்பது அந்தக் காசு யாருடையது என்பதைத்தான். நம் பக்கம் ஒரு பையன் கையில் ஒரு லட்சம் வைத்திருந்தால் அது அவன் ஒருவனின் காசாக இருப்பது அபூர்வம். அதற்குள் அம்மாவின் சம்பளம் இருக்கும், அக்கா அனுப்பியது இருக்கும், அப்பாவின் சேமலாப நிதி இருக்கும். 2024 இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் ஒரு லட்சம் என்பது, பிடித்தம் எதுவும் போகாமல், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழாமல் ஒரு பெண் மலை ஏறிய 74 நாள்.

ஆகவே விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூன்று விஷயம் கேட்பேன். இந்தக் காசு முழுவதும் போனால் வீட்டில் எது நின்றுபோகும்? நீ வாங்கப்போவது உண்மையிலேயே கொயினா, இல்லை யாரோ ஒருவரின் வாய்வார்த்தையா? அது திரும்பவும் ரூபாயாக உன் கைக்கு எந்த வழியால் வரும்? இந்த மூன்றுக்கும் பதில் வராதவரை விலைப்படத்தைப் பார்த்துப் பயனில்லை.

முதல்ல அது என்னன்னு சொல்லுங்க. யார் அடிக்கிற காசு?

யாரும் அடிப்பதில்லை. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை இணையத்தில் வந்தது. 2009 ஜனவரியில் பிட்கொயின் ஓடத் தொடங்கியது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

தோட்டத்துச் செக்ரோலை, அந்தச் சம்பளப் பதிவேட்டை, நினைத்துக்கொள். அது ஆபீஸில் கிளாக்கர் ஐயாவின் கையில் இருக்கிறது. அவர் உன் பேரைப் போட மறந்தால் அந்த நாள் சம்பளம் போச்சு, அதற்குப் பிறகு தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கவேண்டும். பிட்கொயினின் செக்ரோல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரியாக இருக்கிறது. ஒருவர் தனியாக அதைத் திருத்த முடியாது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது எல்லாவற்றிலும் பதிவாகும். அந்த ஏற்பாடு உண்மையிலேயே கெட்டித்தனமானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டால் போய் நிற்க ஓர் ஆபீஸும் இல்லை, பேசித் தரத் தலைவரும் இல்லை.

மொத்தமாக 2 கோடியே 10 லட்சம் கொயினுக்கு மேல் வராது என்று அதன் விதியிலேயே எழுதியிருக்கிறது. முழுக் கொயின் வாங்க வேண்டும் என்றில்லை, பத்துக் கோடியில் ஒரு பங்கு வரை உடைத்து வாங்கலாம்.

விலை ஏன் இப்படி ஏறி ஏறி விழுது?

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் கரட்டும் லீக்ஸும் போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற இறக்கத்தைப் பற்றி நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு வாரம் தம்புள்ளைச் சந்தையில் கரட்டுக்கு அடிபிடி, மறுவாரம் லொறி வாடகைக்கும் காணாது. ஆனாலும் கரட்டுக்கு ஒரு தன்மை உண்டு. விலை ஏறினால் அடுத்த போகத்தில் கூடப் போடுவார்கள், விலை தணியும். விலை விழுந்தால் போடுவது குறையும், மெல்ல நிமிரும். தேயிலையும் அப்படித்தான். 1883 இலிருந்து கொழும்பில் ஏலம் நடக்கிறது, வாரா வாரம் வாயில் வைத்துச் சுவைத்துப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். விலை விழுந்தாலும் அந்தத் தூளைக் கொதிதண்ணீரில் போட்டால் தேநீர் வரும்.

பிட்கொயினை ஆசைப்பட்டுக் கூடப் போடவும் முடியாது, வேண்டாமென்று குறைக்கவும் முடியாது. எத்தனை புதுக் கொயின் வரவேண்டும் என்பதும் விதியில் எழுதியிருக்கிறது. ஏறக்குறைய நாலு வருடத்துக்கு ஒருமுறை அது பாதியாகும், கடைசியாக 2024 ஏப்ரலில் ஆனது. ஆகவே வாங்க வருபவர்களின் கூட்டம் கூடினாலும் குறைந்தாலும் அந்த அசைவு முழுவதும் விலையின் தலையில்தான் விழும். அதோடு அது வாடகை தராது, வட்டி தராது, விளைச்சல் தராது. அடுத்து வருபவன் என்ன கொடுப்பான் என்பதைத் தவிர விலைக்கு வேறு பிடிமானம் இல்லை. போயா லீவும் கிடையாது, இரவு இரண்டு மணிக்கும் விற்பார்கள். நீ காலையில் எழும்பி முகம் கழுவுவதற்குள் விலை வேறாகியிருக்கும்.

2021ல போட்டவங்க எல்லாம் இப்ப நல்லா இருக்காங்களே?

கணக்குப் பார்ப்போம், இது நான் வகுப்பிலும் செய்து காட்டுவது.

2021 நவம்பரில் ஒரு பிட்கொயின் ஏறக்குறைய 69,000 டொலர் வரை போனது. அப்போதுதான் நம் பையன்களின் போனிலெல்லாம் அந்தப் பேச்சு வந்தது. உச்சியில் ஒருவன் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினான் என்று வை. டொலர் அப்போது சுமார் 200 ரூபாய், ஆக 500 டொலருக்கு வாங்கினான். சரியாக ஒரு வருடத்தில், 2022 நவம்பரில், விலை 16,000 டொலருக்கும் கீழே போனது. அவனுடைய 500 டொலர் 115 டொலர் ஆனது. இதற்குள் ரூபாய் விழுந்து டொலர் 365 பக்கம் நின்றதால் ரூபாயில் பார்த்தால் 42,000 மிச்சம். அந்த 42,000க்கு 2022 இல் என்ன வாங்க முடிந்தது என்று உன் அம்மாவிடம் கேள். அரிசி, மா, பருப்பு எல்லாம் எந்த விலைக்குப் போனது என்று அவருக்குத்தான் தெரியும்.

விற்காமல் பொறுத்திருந்தவனுக்கு என்ன ஆனது? 2024 மார்ச்சில் பழைய உச்சத்தைத் தாண்டியது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டொலரைத் தொட்டது. அவனுடைய ஒரு லட்சம் ரூபாய் அன்றைக்கு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலே இருந்திருக்கும். அது உண்மை, மறைக்கமாட்டேன். ஆனால் அந்த மூன்று வருடத்துக்குள் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது, காஸ் சிலிண்டருக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட மாதமும் வந்தது. அந்தக் காசில் கை வைக்காமல் இருந்திருக்கக்கூடிய வீடு எது? விழுந்த விலையில் விற்றவர்களில் பலர் பயந்து விற்கவில்லை, பால்மாவுக்காக விற்றார்கள்.

இன்னொன்று. பாதியாக விழுந்தது பழைய இடத்துக்கு வர இரட்டிப்பாக வேண்டும். முக்கால்வாசி விழுந்தது திரும்பி வர நாலு மடங்காக வேண்டும். 2017 டிசம்பரில் 20,000 டொலருக்கு அருகே போய், அடுத்த டிசம்பரில் 3,200 டொலருக்கு வந்தது. அந்த 20,000ஐத் திரும்பப் பார்க்க 2020 டிசம்பர் வரை, மூன்று வருடம் போனது.

ரூபா திரும்ப விழுந்தா? டொலர் கொயின்ல வச்சா பாதுகாப்புதானே?

2022 ஐப் பார்த்த யாரும் இதைக் கேட்பது நியாயம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360 ஆனது. வங்கியில் வைத்திருந்த காசு வைத்தபடியே இருக்க, அதற்குக் கிடைக்கும் சாமான் பாதியானது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் டொலருக்குச் சமம் என்று சொல்லும் கொயின் எல்லாம் டொலர் அல்ல. ஒன்று எப்போதும் ஒரு டொலருக்குச் சமமாக நிற்கும் என்று சொல்லி யூஎஸ்டி (UST) என்று டெரா நிறுவனம் ஒரு கொயின் விட்டது. அதை வைப்பில் போட்டால் வருடத்துக்கு 20 வீதம் அளவில் வட்டி என்றார்கள். அதைத் தாங்கி நின்றது லூனா என்ற இன்னொரு கொயின். 2022 ஏப்ரலில் லூனா 119 டொலர். மே மாதம் சில நாட்களுக்குள் அது ஒரு சதத்திலும் சிறு பகுதியானது, யூஎஸ்டியும் கூடவே சரிந்தது. நம் நாட்டில் ரூபாய்க்குப் பயந்து அதில் போட்டிருந்தவன் ரூபாயிலேயே வைத்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

டெதர் போன்ற மற்ற டொலர் கொயின்கள் அப்படி உடையவில்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரு தனியார் கம்பனி, வங்கி அல்ல. நம் வங்கி வைப்புக்கு ஆளொருவருக்கு, வங்கி ஒன்றுக்கு 11 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. கொயினுக்கு அது கிடையாது.

டவுன்ல ஒருத்தர் நாளைக்கு மூணு வீதம் தர்றார். எடுத்தும் காட்டினார். அதுவும் கிரிப்டோதானாம்.

இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். நம் பக்கம் கிரிப்டோ என்ற பெயரில் என் காதுக்கு வருவதில் பெரும்பகுதி கிரிப்டோவே அல்ல.

முதலில் கணக்கு. நாளொன்றுக்கு 3 வீதம், எடுக்காமல் விட்டால், ஒரு வருடத்தில் 48,000 மடங்கு. நீ போட்ட 10,000 ரூபாய் 48 கோடி ஆகும். அப்படி ஒரு வழி தெரிந்தவர் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று உன்னுடைய 10,000ஐக் கேட்கவேண்டிய தேவை என்ன? கல்குலேட்டர் எல்லார் போனிலும் இருக்கிறது, தயவுசெய்து ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

என் அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் நாலு வருடம் வேலை செய்தவர். அவர் அனுப்பிய காசை மருமகன் இப்படி ஒரு குழுவில் போட்டான். டெலிகிராமில் குழு, அழகான ஒரு செயலி, தெரிந்த ஆளின் அறிமுகம். முதலில் 15,000 போட்டான். ஒரு வாரத்தில் 3,000 திரும்ப எடுத்தான், உண்மையாகவே கைக்கு வந்தது. அந்த 3,000 ரூபாய்தான் தூண்டிலில் இருந்த புழு. அடுத்த இரண்டு மாதத்தில் நாலரை லட்சம் போட்டான். போனில் 11 லட்சம் என்று காட்டியது. அதை எடுக்கப்போனபோது வரி கட்டச் சொன்னார்கள். 60,000 கடன் வாங்கிக் கட்டினான். பிறகு கணக்கைச் சரிபார்க்க இன்னொரு தொகை கேட்டார்கள். அதற்குக் காசு தேடிக்கொண்டிருந்த இரவில் குழுவே காணாமல் போனது.

போனில் தெரிந்த 11 லட்சம் வெறும் எண். அதற்குப் பின்னால் ஒரு கொயின்கூட இருக்கவில்லை. அறிமுகம் செய்தவரும் தன் காசை இழந்தார், அவர் திருடர் அல்ல, அவரையும் ஒருவர் அறிமுகம் செய்திருந்தார். புதிதாகச் சேருபவனின் காசை முன்னால் சேர்ந்தவனுக்குக் கொடுத்து ஓட்டும் பிரமிட் திட்டம் இப்படித்தான் நடக்கும். மாமா மச்சான், ஒரே லயத்துச் சனம், கோயில் கமிட்டி ஆள் என்று உறவின் வழியாகவே பரவும். அதனால்தான் காசு போகும்போது உறவும் சேர்ந்து போகிறது. அக்காவும் அந்த அறிமுகக்காரரின் மனைவியும் ஒரே பாடசாலையில் படித்தவர்கள், இன்று முகம் பார்ப்பதில்லை.

உலகத்திலும் பெரிய உதாரணம் உண்டு. 2014 இல் தொடங்கிய வன்கொயின் என்பதற்குப் பின்னால் உண்மையான பதிவேடே இருக்கவில்லை. அதை நடத்திய ருஜா இக்னாடோவா 2017 இல் மறைந்தார், அமெரிக்காவின் எஃப்பிஐ தேடும் முதல் பத்துப் பேரின் பட்டியலில் 2022 இல் அவர் பெயர் சேர்ந்தது.

பிரமிட் திட்டம் நடத்துவதும், ஆள் சேர்ப்பதும் நம் வங்கித்தொழில் சட்டப்படி குற்றம். விசாரித்துத் தடைசெய்த திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. நீ மச்சானைச் சேர்த்துவிட்டால் நாளை உன் மேலும் முறைப்பாடு வரலாம் என்பதை மறக்காதே.

பேஸ்புக்ல பழகின ஒரு பொண்ணு சொல்லித் தருது சேர். காசு எதுவும் கேட்கல.

இன்னும் கேட்கவில்லை, தம்பி. ஒரு மாதம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று விசாரிப்பார்கள். பிறகு தன் மாமா கொயினில் சம்பாதிப்பதாக ஒரு படம் வரும். பிறகு ஓர் இணையத்தளத்தின் முகவரி வரும். அதற்குப் பிறகு நடப்பது என் மருமகனின் கதைதான்.

அந்தப் பக்கம் எழுதுவது யார் என்பதையும் தெரிந்துகொள். தாய்லாந்தில் கணினி வேலை என்று ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவாடிப் பக்கத்து முகாம்களில் அடைக்கப்பட்டு, அடிவாங்கி, இப்படியான செய்திகளை எழுதவைக்கப்பட்டார்கள். 2024 இல் சிலர் மீட்கப்பட்டு வந்தார்கள். யாராவது அப்படி ஒரு வேலைக்கு ஆள் எடுத்தால் அதையும் என்னிடம் வந்து சொல்.

இது சட்டப்படி சரியா?

கொயின் வைத்திருந்தால் பொலிஸ் பிடிக்கும் என்று சட்டம் இல்லை. ஆனால் அது இலங்கையில் சட்டப்படியான பணமும் அல்ல. மெய்நிகர் நாணயத் தொழில் நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய வருடங்களில் பொதுமக்களுக்கு அறிவித்தது. 2021 இல் வந்த வெளிநாட்டுச் செலாவணிப் பணிப்புரைப்படி கடனட்டையாலோ பற்றட்டையாலோ இதற்குக் காசு செலுத்தவும் அனுமதி இல்லை. யாராவது 'மத்திய வங்கி அனுமதி பெற்றது' என்று ஒரு சான்றிதழைக் காட்டினால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடு. சட்டம் மாறிவரும் விஷயம் இது, காசு போடும் நாளில் மத்திய வங்கியின் புதிய அறிவித்தலைப் பார்த்துக்கொள்.

லாபம் வந்தா அத ரூபாயா எப்படி எடுக்கிறது?

வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி. நீ கேட்டது நல்லது.

அட்டை வழி அடைபட்டிருப்பதால் ஆளுக்கு ஆள் விற்பதுதான் இங்கே நடக்கிறது. நீ கொயினை விடுவிப்பாய், முன்பின் தெரியாத ஒருவர் உன் வங்கிக் கணக்கில் ரூபாய் போடுவார். அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. யாரோ ஒரு வயோதிபரை ஏமாற்றிப் பறித்த காசாக இருந்தால், முறைப்பாடு போனதும் அந்தக் காசு போன கணக்கெல்லாம் முடக்கப்படும். அதில் உன்னுடைய கணக்கும் இருக்கும். நீ குற்றம் செய்யவில்லைதான், ஆனால் அதை நிரூபிக்கும்வரை உன் சம்பளமும் அதற்குள்ளேயே கிடக்கும், வாக்குமூலம் கொடுக்கக் கொழும்புக்கு அலையவும் வேண்டிவரும். சம்பளம் வரும் கணக்கையோ அம்மாவின் கணக்கையோ இதற்குக் கொடுக்கவே கூடாது. 'உன் கணக்கைக் கொஞ்ச நாள் தா, கமிஷன் தருகிறேன்' என்று கேட்பவனுக்கும் கொடுக்காதே.

சேர், மகன் என் தாலிக்கொடியை அடகு வச்சுத் தரச் சொல்றான். ஆறு மாசத்துல மீட்டுத் தர்றானாம்.

கொடுக்காதீங்க, அம்மா. உங்கள் மகன் பொய் சொல்லவில்லை, அவன் உண்மையிலேயே மீட்டுத்தர நினைக்கிறான். ஆனால் அடகுக்குத் தவணை உண்டு, கொயினுக்குத் தவணை தெரியாது. ஒன்றரை லட்சத்துக்கு மாதம் ஒன்றரை வீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,250 ரூபாய் போகும். நாலாம் மாதம் விலை பாதியாகிவிட்டால் பொறுத்திருக்க அவனால் முடியாது, தவணை நெருங்கும். பாதி விலைக்கு விற்பான், நகையும் மூழ்கும். குழுக்கடன் எடுத்துக் கொடுப்பதும் இதேதான். அதில் வாரா வாரம் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள், உங்களுக்காகக் கையெழுத்துப் போட்ட மற்றப் பெண்களும் சேர்ந்து சுமப்பார்கள்.

ஏற்கெனவே ஏதாவது அடகில் இருந்தால் அவனிடம் சொல்லுங்கள், கையில் இருக்கும் காசில் முதலில் அதை மீட்கட்டும். மாதம் ஒன்றரை வீத வட்டி நின்றுபோவது வருடத்துக்கு 18 வீத இலாபத்துக்குச் சமம். விலை விழுந்தாலும் ஏறினாலும் அது நிச்சயம்.

20 மடங்கு போட்டு விளையாடலாமாமே? 5,000 ரூபாயை ஒரு லட்சமாக் காட்டுது.

அது கடன். 20 மடங்கு என்றால் விலை 5 வீதம் எதிர்ப்பக்கம் அசைந்தாலே உன் 5,000 முழுவதும் போய்விடும், பிறகு விலை திரும்பி வந்தாலும் உனக்கு ஒன்றும் இல்லை. பிட்கொயினுக்கு 5 வீதம் என்பது ஒரு பகலில் நடப்பது. 2025 அக்டோபர் 10 அன்று விலை சரிந்தபோது இப்படிக் கடனில் போட்டிருந்தவர்களின் 19 பில்லியன் டொலர் அளவிலான பந்தயங்கள் ஒரே நாளில் துடைக்கப்பட்டன. இதற்கு என் பதில் எந்த நிலையிலும், யாருக்கும் வேண்டாம் என்பதுதான்.

போன்ல தினமும் ஒரு பட்டனை அழுத்தினா கொயின் சேருதே, அது?

புதுப் பிட்கொயினை எடுப்பதற்கென்றே செய்த இயந்திரங்கள் களஞ்சியம் களஞ்சியமாக மின்சாரம் குடித்துக்கொண்டு ஓடுகின்றன. உன் போனால் அது முடியாது. காசு கேட்காதவரை நேரம்தான் நட்டம். அடையாள அட்டையின் படம் கேட்டால் கொடுக்காதே.

சின்னக் கொயின் வாங்கினா சீக்கிரம் பெருகுமாமே?

2013 இல் பகிடிக்காகத் தொடங்கிய டோஜ்கொயின் 2021 மே மாதம் 73 அமெரிக்க சதம் வரை ஏறியது. அடுத்த வருட நடுவில் 10 சதத்துக்கும் கீழே. அதுவே இந்த வகையில் பேர்பெற்ற கொயின். பெயர் தெரியாதவற்றை உண்டாக்கியவர்களே பெரும்பங்கை வைத்திருந்து, நீ வாங்க வரும்போது விற்றுவிட்டுப் போவார்கள்.

எனக்குக் கடன் இல்ல, அடகு இல்ல, கொழும்புல நல்ல சம்பளம். கொஞ்சம் போட்டுப் பார்க்கிறேன். எவ்வளவு?

உனக்கு நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், உன் உழைப்பு. ஆனால் ஆறு மாதச் செலவுக்கான காசு வங்கியில் இருக்கட்டும். ஊரில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து கண்டிக்குக் கொண்டுபோக வேண்டிவந்தால் அதிலிருந்து எடுக்க முடியவேண்டும். அதற்குப் பிறகு, ஒரு தீபாவளிக்கு வீட்டுக்குச் செலவழிக்கும் அளவுதான் என் எல்லை. அது முழுவதும் போனால் ஒரு தீபாவளி மங்கலாகப் போகும், அடுப்பு அணையாது.

ஒரேயடியாக வாங்காதே. 60,000 என்றால் மாதம் 5,000 ஆக ஒரு வருடம் வாங்கு. உச்சியில் முழுவதையும் கொட்டிவிட்டு உட்காரும் நிலை அதனால் வராது. எந்த விலை வந்தால் எவ்வளவு விற்பாய் என்பதை வாங்குவதற்கு முன்பே ஒரு கொப்பியில் எழுதி வை. விலை ஓடும்போது எடுக்கும் முடிவு உன்னுடையதாக இருக்காது. பிட்கொயின், அதற்கு அடுத்த பெரிய கொயினான ஈதர், இந்த இரண்டையும் தாண்டிப் போகாதே என்பது என் கருத்து.

கொயினை வாங்கி விற்கும் இணையக் கம்பனியான பரிமாற்றகத்தில் அதிகம் விட்டுவைக்காதே. 2014 இல் ஜப்பானின் மவுண்ட் கொக்ஸ் என்ற பரிமாற்றகம் விழுந்தது. 2022 நவம்பர் 11 இல் உலகின் பெரிய பரிமாற்றகங்களில் ஒன்றான எஃப்டிஎக்ஸ் வங்குரோத்து என்று அறிவித்தது. அதை நடத்திய சாம் பேங்க்மன் ஃபிரைடுக்கு 25 வருடச் சிறை விழுந்தது. உன் சொந்தப் பணப்பையில் (கொயினை நீயே வைத்திருக்கும் செயலியில்) வைத்தால் 12 அல்லது 24 சொற்கள் தருவார்கள். அந்தச் சொற்களே சாவி. அவை போனால் காசு போச்சு, இன்னொருவர் பார்த்தாலும் காசு போச்சு. போனில் படம் எடுக்காதே. காகிதத்தில் எழுதி, வீட்டில் பிறப்புச் சான்றிதழ்கள் வைக்கும் தகரப் பெட்டியில் வை. கூரை ஒழுகும் லயக்காம்பிராவாக இருந்தால் பொலித்தீனில் சுற்றி வை. எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வை.

நீங்க வாங்கினீங்களா, சேர்?

இல்லை. 2020 டிசம்பரில் கையில் கொஞ்சம் காசு இருந்தது, ஆசையும் வந்தது. மனைவியின் காப்பு அடகில் இருந்ததால் அதை மீட்டேன். அன்று வாங்கி 2024 டிசம்பர் வரை வைத்திருந்தால் டொலரில் ஐந்து மடங்கு. சில நாள் அது மனதில் வரும். ஆனால் 2022 ஜூலையில் பெற்றோல் இல்லாமல், பாடசாலை திறக்காமல், வீட்டில் எல்லாம் குறைந்திருந்தபோது நான் அதை விற்றிருப்பேன். அந்த மாதம் விலை திரும்பவும் 20,000 டொலர் பக்கம்தான் நின்றது. ரூபாயில் இரட்டிப்பாகியிருக்கும், சாமான் விலையும் அப்படித்தான் ஆகியிருந்தது. 2024 வரை வைத்திருக்க என்னால் முடிந்திருக்காது, அது எனக்குத் தெரியும்.

சேர், ஒரு குழுவுல ரெண்டு லட்சம் போயிருச்சு. வீட்டுல இன்னும் சொல்லல. இன்னும் 40,000 கட்டினா எடுத்துத் தர்றதாச் சொல்றாங்க.

அந்த 40,000ஐக் கட்டாதே. போனதை எடுத்துத் தருகிறோம் என்று இனி புதிதாக யாராவது வந்தாலும் கட்டாதே, ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டாம் முறை வருவார்கள்.

இன்றிரவே அந்தக் குழுவில் வந்த செய்திகள், காசு அனுப்பிய சிட்டைகள், அவர்கள் தந்த கணக்கு இலக்கங்கள் எல்லாவற்றையும் படம் பிடித்து வை. குழு அழிந்தால் அவையும் அழிந்துவிடும். உன் வங்கிக்குப் போய் எழுத்தில் அறிவி, பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்கிக்கொள். காசு திரும்பி வரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன், அக்காவின் காசு வரவில்லை.

வீட்டில் சொல்லவேண்டும். என் மருமகன் மூன்று மாதம் சொல்லாமல் வைத்திருந்தான். அந்த மூன்று மாதத்தில் அவன் மெலிந்ததைப் பார்த்து அக்கா காதல் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருந்தார், கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். தெரிந்த அன்று அழுதார், ஏசினார், மறுநாள் அவனுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு அவனோடு பொலிஸுக்குப் போனார்.

தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் சனிக்கிழமை வா. வகுப்பு பன்னிரண்டரைக்கு முடியும், அதற்குப் பிறகு நான் சும்மாதான் இருப்பேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, சிட்டைகளையும் கொண்டு வா.